கதிர்காமப் பாதயாத்திரை: இருவராக, பகுதி பகுதியாக நடந்து முடிப்பது எப்படி?

வடமராட்சியில் தொண்டைமானாற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் தொடங்கி, வன்னியைக் கடந்து, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமாக இறங்கி, குமண, யால காடுகளுக்கூடாகக் கதிர்காமத்தில் முடிகிறது கதிர்காமப் பாதயாத்திரை. இலங்கைத் தமிழர் வழமையாக நடந்துவரும் வழிகளில் இதுவே மிக நீண்டது. ஏழு மாவட்டங்கள் இதில் அடங்கும். கோவில் கோவிலாகச் சுற்றிப் போகும் அடியார்கள் ஏறத்தாழ 800 கிலோமீற்றர் என்று கணக்குச் சொல்வார்கள். நேர் வீதியைப் பிடித்து நடந்தால் 600 கிலோமீற்றர் அளவில் வரும். முழுவதையும் ஒரே தடவையில் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை பிடிக்கும்.

அவ்வளவு நாள் வீட்டையும் வேலையையும் விட்டு வர எல்லோராலும் முடிவதில்லை. நாட்கூலிக்குப் போகிறவர், கடற்றொழில் செய்பவர், பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய், உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர், வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வருபவர் ஆகியோருக்கு இது கைக்கெட்டாத காரியமாகவே தெரியும். ஆனால் நேர்த்தி வைத்தவர்களில் பலர் இவர்கள்தான். பங்கருக்குள் இருந்தபோது வைத்த நேர்த்தி, தடுப்பிலிருந்து பிள்ளை வந்தால் நடப்பேன் என்று வைத்த நேர்த்தி, இன்னும் வராத பிள்ளைக்காக வைத்த நேர்த்தி எனப் பல வீடுகளில் இந்தக் கடன் தீராமல் கிடக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வழியைப் பகுதிகளாகப் பிரித்து, மூன்று நான்கு ஆண்டுகளில் நடந்து முடிப்பதே அது. அதை எப்படித் திட்டமிடுவது, எந்த இடத்தில் எதைக் கவனிப்பது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பகுதியாக நடந்தால் யாத்திரை ஆகுமா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் எல்லோரும் கேட்பார்கள். பாதயாத்திரை வழக்கத்தால் வளர்ந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை நடப்பவர்கள் எப்போதும் சிறு தொகையினரே. வற்றாப்பளைப் பொங்கலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து சேர்ந்துகொள்பவர்கள் உண்டு. வெருகலில் சேர்பவர்கள் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களிலிருந்து கிளம்புபவர்கள் உண்டு. மிகப் பெருந்தொகையானோர் உகந்தையில் வந்து சேர்ந்து, காட்டுவழியை மட்டும் நடக்கிறார்கள். அவர்களை யாரும் அரைகுறை யாத்திரிகர் என்று சொல்வதில்லை.

யுத்தமும் இந்த வழியைத் துண்டாக்கியது. 1983 கலவரத்தோடு வடக்கிலிருந்து நடக்கும் வழக்கம் அறுந்தது. 1988 இல் பட்ரிக் ஹரிகன் உள்ளிட்ட சிலரின் முயற்சியால் யாத்திரை மீண்டும் உயிர்பெற்றாலும், வழி முழுவதும் திறந்திருக்கவில்லை. அன்று யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட குமண தேசிய பூங்கா 1985 முதல் 2003 மார்ச் வரை மூடப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்த பின்னரே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வழி மறுபடியும் ஒன்றாகப் பொருந்தியது. முடிந்த இடத்திலிருந்து, முடிந்த அளவு நடப்பதென்பது ஒரு தலைமுறையே வாழ்ந்து பார்த்த வழக்கம்.

மலையகத்தில் அண்மையில் திறக்கப்பட்ட பீக்கோ நடைவழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அதை 22 பகுதிகளாகப் பிரித்தே அமைத்திருக்கிறார்கள். விரும்பியவர் விரும்பிய பகுதியை நடக்கலாம். கதிர்காம வழிக்கு அப்படியான பலகைகளோ வரைபடமோ கிடையாது. பகுதிகளை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு பகுதிகள்

பஸ் வசதி, தங்குமிடம், பெரிய கோவில் ஆகிய மூன்றும் கிடைக்கும் இடங்களில் பகுதியை முடிப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் வழி ஆறாகப் பிரிகிறது. குழுவுக்குக் குழு வழி சற்று மாறும் என்பதால் தூரங்கள் அண்ணளவானவை. நாளொன்றுக்கு 15 முதல் 18 கிலோமீற்றர் என்று வைத்தே நாட்களைக் கணக்கிட்டிருக்கிறோம்.

1. செல்வச்சந்நிதி முதல் வற்றாப்பளை வரை (ஏறத்தாழ 120 கி.மீ., 7 அல்லது 8 நாள்). வடமராட்சி கிழக்கால் நாகர்கோவில், மருதங்கேணி வழியாக இறங்கி, ஆனையிறவைக் கடந்து பரந்தனுக்கு வரலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை செல்லும் ஏ-35 வீதி 52 கிலோமீற்றர். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்பவை வரிசையாக வரும். நந்திக்கடலோரத்தில் இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் இப்பகுதி முடிகிறது. வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது இக்கோவிலின் வழக்கம். பொங்கலை ஒட்டி நடந்தால் வழித்துணைக்குக் குறைவிராது.

2. வற்றாப்பளை முதல் திருகோணமலை வரை (ஏறத்தாழ 110 கி.மீ., 7 நாள்). அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய், புல்மோட்டை, திரியாய், குச்சவெளி, நிலாவெளி என்று கரையோரமாகப் போகும் பகுதி. ஆறு பகுதிகளிலும் ஆட்புழக்கம் குறைந்த நீண்ட வெளிகள் இங்கேதான் அதிகம். கொக்கிளாய்க் களப்பைப் படகில் கடப்பதா, சுற்றி நடப்பதா என்பதை அந்த நேரத்து நீர்மட்டத்தைப் பார்த்து, ஊர்த் தொழிலாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவிடம் கோணேசர் கோவில்.

3. திருகோணமலை முதல் மட்டக்களப்பு வரை (ஏறத்தாழ 130 கி.மீ., 8 நாள்). கிண்ணியா, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை, வாழைச்சேனை, சித்தாண்டி வழியாகச் செல்லும் ஏ-15 வீதி. முன்னர் இவ்வழியில் துறைக்குத் துறை படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது எல்லாம் பாலங்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோவிலும் சித்தாண்டி முருகன் கோவிலும் இப்பகுதியின் பெரிய தங்கல்கள். மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் கோவிலில் முடிக்கலாம்.

4. மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை (ஏறத்தாழ 110 கி.மீ., மண்டூருக்குப் போய் வந்தால் 8 நாள்). நடப்பதற்கு மிக இலகுவான பகுதி. ஊருக்கு ஊர் கோவில், கடை, வைத்தியசாலை எல்லாம் உண்டு. குருமண்வெளித் துறையால் களப்பைக் கடந்தால் சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர்க் கந்தசுவாமி கோவில். பிறகு கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. முதன்முதலாக நீண்டதூரம் நடப்பவர்கள் உடம்பைப் பழக்க இப்பகுதியில் தொடங்குவதும் நல்லதே.

5. பொத்துவில் முதல் உகந்தை வரை (ஏறத்தாழ 30 கி.மீ., 2 நாள்). அறுகம்குடா, பாணமை தாண்டியதும் காட்டு விளிம்பு தொடங்கிவிடும். பாணமைக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு. பொழுது நன்றாக விடிந்த பிறகு நடந்து, மாலைக்கு முன்னரே உகந்தை முருகன் கோவிலை அடைந்துவிடுங்கள்.

6. உகந்தை முதல் கதிர்காமம் வரை (காட்டுவழி, 4 முதல் 6 நாள்). இது கதிர்காம ஆடிவேல் விழாக் காலத்தில் ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு மட்டுமே திறக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எந்தப் பகுதியை எப்போது நடப்பது?

முதல் நான்கு பகுதிகளுக்கும் தை கடைசி முதல் பங்குனி வரை நல்ல காலம். மாரி ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. ஐப்பசி முதல் மார்கழி வரை தவிர்த்துவிடுங்கள். வெருகல், வாகரைப் பக்கம் வெள்ளம் வீதியை மூடும் காலம் அது. வைகாசி, ஆனியில் நடந்தால் யாத்திரைக் குழுக்களோடு போகலாம், வழியெங்கும் அன்னதானம் கிடைக்கும். ஆனால் வடக்கில் சோழகமும் கிழக்கில் கச்சானும் உடம்பை வற்றச் செய்துவிடும்.

ஒன்று முதல் ஐந்து வரையான பகுதிகளை உங்கள் வசதிப்படி முன்பின்னாக நடக்கலாம். ஆறாவதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதிர்காமத்தை முதலில் பார்த்துவிட்டால் மிச்சத்தை நடக்கக் கால் எழாது என்பது ஒரு காரணம். மற்றப் பகுதிகளில் பழகிய காலும், ஒருவரையொருவர் அறிந்த துணையும் காட்டுக்குள் தேவைப்படும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நான்கு ஆண்டுத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாண்டு சித்திரைப் பாடசாலை விடுமுறையில் முதற்பகுதி. இரண்டாம் ஆண்டு மாசியில் இரண்டாம் பகுதி. மூன்றாம் ஆண்டு மாசியில் மூன்றாம் பகுதி. நான்காம் பகுதியை மூன்று நாள் சேர்ந்து வரும் விடுமுறைகளில் உடைத்து முடிக்கலாம். நான்காம் ஆண்டு ஆனியில் ஐந்தையும் ஆறையும் சேர்த்து நடந்தால், தீர்த்தத்திற்குக் கதிர்காமத்தில் நிற்கலாம். பொதுவாக 36 முதல் 40 நாள் நடைதான் மொத்தக் கணக்கு. அதை நான்கு ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குப் பத்து நாள்.

விட்ட இடத்தைக் குறித்து வைத்தல்

பகுதி பகுதியாக நடக்கும்போது இருக்கவேண்டிய கண்டிப்பு ஒன்றுதான். விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். நடையை நிறுத்தும் இடம் ஒரு கோவில் வாசலாகவோ, மைல்கல்லாகவோ, பாலத்தின் முனையாகவோ இருக்கட்டும். ஒரு கொப்பியில் திகதி, இடம், அன்று நடந்த தூரம், தங்கிய இடம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த முறை வரும்போது பஸ்ஸில் அதே இடத்தில் இறங்கி, அதே வாசலில் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஓராண்டு இடைவெளி வந்தாலும் வழி அறுவதில்லை. குடும்பத்தில் சாவீடு, சுகவீனம் என்று நடுவில் திரும்ப நேர்ந்தால், அந்த இடமே புதிய தொடக்கம்.

துணை யார்?

நீண்ட நடைக்குத் துணை தேடும்போது எல்லோரும் வேகம் ஒத்துவருமா என்றுதான் பார்ப்பார்கள். இந்த வழியில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பரந்தனிலிருந்து முள்ளிவாய்க்கால் போகும் வீதி, 2008 கடைசியிலும் 2009 இலும் இலட்சக்கணக்கான சனம் மூட்டை முடிச்சோடு தள்ளப்பட்டுப் போன அதே வீதி. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்த வரிசையும் யாத்திரை வரிசையும் ஒன்றுதான். 2009 மே 17, 18 இல் மிஞ்சியவர்கள் கடந்து வந்தது வட்டுவாகல் பாலம். சில ஆண்டுகளில் யாத்திரைக் குழுக்கள் இவ்விடத்தைக் கடப்பதும் மே 18 நினைவுநாளும் கிட்டக் கிட்டவே வரும்.

வன்னியோடு இது முடிவதில்லை. கொக்குத்தொடுவாய், கொக்கிளாய்ப் பக்கத்துச் சனம் 1984 இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள். அதே கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. மட்டக்களப்பு நகருக்குள் நுழையுமுன் வரும் சத்துருக்கொண்டான், 1990 செப்ரெம்பர் 9 படுகொலை நடந்த இடம். நகரைத் தாண்டியதும் வரும் காத்தான்குடியின் பள்ளிவாசல்களில், அதற்கு ஒரு மாதம் முன்னர், 1990 ஓகஸ்ட் 3 இல் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். காரைதீவு, திருக்கோவில், கோமாரிக் கரைகள் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டவை.

ஆகவே இந்த வழியில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் கால் தயங்கும் இடம் ஒன்று இருக்கும். ஒருவருக்கு அது வட்டுவாகலாக இருக்கலாம், மற்றவருக்குக் காரைதீவுக் கடற்கரையாக இருக்கலாம். இருவராக நடப்பதன் பெறுமதி இங்கேதான். ஒருவர் தயங்கும் இடத்தில் மற்றவர் உறுதியாக நிற்க வேண்டும். வேறு ஊர்களைச் சேர்ந்த இருவர் சேர்ந்து நடப்பது இதற்கு நல்லது. வன்னியைச் சேர்ந்தவரும் மட்டக்களப்பைச் சேர்ந்தவரும் சேர்ந்தால், ஒருவருக்கு ஒருவர் பாதி வழிக்கு வழிகாட்டியாகவும் இருக்கலாம்.

கிளம்பும் முன்னரே பேசி முடிக்கவேண்டியவை சில:

எந்த இடத்தைக் கடக்க மனம் ஒப்பாது என்று முதலே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தைப் பஸ்ஸில் கடந்து மற்றப் பக்கத்தில் இறங்கி நடந்தாலும் குறையில்லை. பிறகொரு ஆண்டு மனம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் வந்து நடக்கலாம்.

மெதுவாக நடப்பவரின் வேகமே இருவரின் வேகம். முன்னால் போய் நின்று பார்ப்பது பின்னால் வருபவரைக் களைக்க வைக்கும். அவரை முன்னே விட்டு நடவுங்கள்.

கதை கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாமல் பத்து மைல் நடந்தால் நீங்களும் சொல்லாமல் நடவுங்கள். இரவில் நித்திரை வராமல் எழுந்து இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும்.

காசுக் கணக்கை வெளிப்படையாக வைத்திருங்கள். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவராகவும் மற்றவர் ஊரில் நாட்கூலி செய்பவராகவும் இருந்தால், இழந்த கூலியையும் செலவாகவே கணக்கிடுங்கள். வசதி உள்ளவர் அதைப் பொறுப்பெடுப்பதை நன்கொடை போலக் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஒருவர் இல்லாமல் மற்றவர் அடுத்த பகுதியை நடப்பதில்லை என்று பேசிக்கொள்வது நல்லது. ஆனால் நான்கு ஆண்டில் எதுவும் நடக்கலாம். ஒருவர் நாட்டைவிட்டுப் போகலாம், நோயில் விழலாம். அப்படி வந்தால் மற்றவர் மிச்சத்தை நடந்து, அவர் பெயரையும் சொல்லித் தீர்த்தமாட வேண்டும் என்பதையும் அந்தக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தங்கலும் சாப்பாடும்

யாத்திரைக் காலத்தில் கோவில் மடங்களும் ஊராரும் நடப்பவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். ‘சாமி’ என்று அழைத்துக் கஞ்சியும் மோரும் தருவார்கள். மற்ற மாதங்களில் நடக்கும் இருவருக்கு அந்த ஏற்பாடு இருக்காது. முதல் நாளே அடுத்த தங்கலின் கோவில் பரிபாலன சபையோடு தொலைபேசியில் பேசி, மண்டபத்தில் படுக்க அனுமதி கேளுங்கள். பெண்கள் இருவர் நடப்பதாயின் கோவிலுக்கு அருகில் உள்ள வீடொன்றில் தங்குவதே பாதுகாப்பு. அரிசிமா, அவல், பேரீச்சம்பழம், சர்க்கரை கையில் இருந்தால் ஒரு வேளையைச் சமாளிக்கலாம்.

கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, பொத்துவில் எனப் பல முஸ்லிம் ஊர்களுக்கூடாக வழி போகிறது. தண்ணீரும் தேத்தண்ணியும் கேட்கத் தயங்க வேண்டாம். கதிர்காமத் தலத்திலும் பள்ளிவாசல் உண்டு, விழாக் காலத்தில் அங்கும் கொடியேறும். தேசிய அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கோவிலுக்கு நடக்கிறோம் என்ற பதில் வழியெங்கும் எல்லோருக்கும் விளங்கும்.

உடம்பும் பாதுகாப்பும்

அதிகாலை நாலரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் அன்றைய நடையில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு மிச்சத்தை நடக்கலாம். வெறுங்காலால் நடப்பது வழக்கம் என்றாலும், நீரிழிவு உள்ளவர்கள் அதைச் செய்யக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தார் வீதியின் சூடு தெரியாமலே புண்ணாகிவிடும். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் கிளம்புமுன் பொருத்திய நிலையத்தில் காட்டி, நீண்டநடைக்கு ஏற்றபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 கிலோமீற்றர் என்று வைத்தாலும் வழி முடியும், ஆண்டுதான் கூடும். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் அதுபற்றிய வைத்தியக் குறிப்பின் பிரதியொன்றைத் துணையிடமும் கொடுத்து வையுங்கள்.

தண்ணீரோடு ஜீவனிப் பைக்கற்றுகளும் இருக்கட்டும். தலையிடி, தசைப்பிடிப்பு, சலம் மஞ்சளாகக் குறைந்து போதல் என்பவை நிழலில் நிற்கச் சொல்லும் அறிகுறிகள். அவசர அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிஸுக்கு 119.

முதற்பகுதியில் இன்னொரு கவனம் தேவை. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று நீண்டிருந்த முன்னரங்கு நிலைகளில் யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை தொடர்ந்தது. வடமராட்சி கிழக்கில் நடக்கும்போது வீதியை விட்டிறங்கிப் பற்றைக்குள் குறுக்குவழி தேட வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை இருந்தால் அங்கே ஒதுங்கவும் கூடாது. பழைய இரும்பு எதையும் தொடாதீர்கள்.

காட்டுவழி

உகந்தைக்கு அப்பால் இருவர் தனியே நடக்க முடியாது. அது தேசிய பூங்கா. விழாக் காலத்தில் மட்டுமே கால்நடையாகப் போக அனுமதி உண்டு. திறக்கும், மூடும் திகதிகளை ஒவ்வோர் ஆண்டும் மாவட்டச் செயலகம், வனஜீவராசிகள் திணைக்களம், பாதுகாப்புத் தரப்பு, கோவில் நிர்வாகம் எல்லாம் கூடித் தீர்மானிக்கும். சில ஆண்டுகளில் திகதி மாற்றப்படுவதும் உண்டு. எனவே வைகாசி நடுப்பகுதியிலிருந்தே செய்திகளைக் கவனித்து, விடுமுறையில் இரண்டு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் உகந்தை என்பது ஐதீகம். அங்கே பதிவு செய்துகொண்டு உள்ளே போனால், குமண பூங்காவின் தெற்கெல்லையான கும்புக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும். அடியார்கள் அதைக் குமுக்கன் ஆறு என்பார்கள். அப்பால் யால. நாவலடி, வியாழை, கட்டகாமம் ஆகியவை பேர்போன தங்கல்கள். யானை, கரடி, சிறுத்தை, ஆற்றில் முதலை எல்லாம் உண்டு. பெரிய குழுவொன்றோடு இருவரும் சேர்ந்துகொண்டு, குழுவின் தலைமைச் சாமி சொல்லும் நேரத்துக்கு நடந்து, சொல்லும் இடத்தில் தங்க வேண்டும். இருட்டிய பிறகு தனியே ஒதுங்கக் கூடாது. குளிப்பதும் பலர் சேர்ந்து நிற்கும் துறையில்தான்.

தண்ணீர் பவுசர்கள் குறித்த இடங்களில் நிற்கும். ஆனாலும் ஆளுக்கு மூன்று லீற்றர் கையில் இல்லாமல் ஒரு தங்கலை விட்டுக் கிளம்ப வேண்டாம். மச்சமும் மதுவும் காட்டுவழியில் கூடாது. பிளாஸ்ரிக் பைகளையும் போத்தல்களையும் வீசிவிட்டு வராமல் திரும்பக் கொண்டுவருவது யாத்திரையின் ஒழுங்குகளில் ஒன்றாகவே இப்போது ஆகிவிட்டது. தொலைபேசி பெரும்பாலும் எடுக்காது. வீட்டாரிடம் உகந்தையில் வைத்தே சொல்லிவிட வேண்டும்.

முடிக்கும்போது

கதிர்காமத்தில் பூசை வாய்கட்டித்தான் நடக்கும். திரைக்கு முன் நின்று கும்பிட்டு, மாணிக்க கங்கையில் நீராடி, பௌர்ணமித் தீர்த்தத்தோடு விழா நிறைவுறும். நான்கு ஆண்டாகக் கொண்டுவந்த கொப்பியின் கடைசி வரியை அங்கே எழுதலாம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எந்தக் கோவில் மண்டபத்தில் தங்கலாம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதி வைத்ததைப் பிரதியெடுத்து, நேர்த்தியோடு காத்திருக்கும் அடுத்த இருவருக்குக் கொடுங்கள். பலகை நடாத இந்த வழிக்கு, நடந்தவர்களின் குறிப்புத்தான் பலகை.

வராத பிள்ளைக்காக நடப்பவர்களுக்கு வழி முடிந்ததால் பதில் கிடைத்துவிடப் போவதில்லை. அந்தப் பதிலைச் சொல்லவேண்டியவர்கள் வேறு. ஆனால் அன்று துரத்தப்பட்டு ஓடிய வீதியில் இம்முறை விரும்பிய வேகத்தில், விரும்பிய இடத்தில் நின்று, வேண்டாமென்றால் திரும்பி, பக்கத்தில் ஒருவரோடு நடந்து போக முடிகிறது. பகுதி பகுதியாக நடந்தாலும் அது குறைவதில்லை.